எப்படிச் செருகினாலும் ஏறும்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தாணுமாலையனுக்கு உலகத்தில் இரண்டு வகை ஆட்கள்தான். ஒன்றும் தெரியாதவர்கள் ஒரு வகை. ஒன்றும் தெரியாமலேயே தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை அவர் ஒரு மாதிரி சகித்துக்கொள்வார். இரண்டாம் வகை கடைப்படி ஏறினால் போதும், அவருடைய மேலுதடு இடது பக்கமாகக் கோணிக்கொள்ளும். இந்த இரண்டிலும் சேராத ஆள் ஒருவர் ஊரில் உண்டு என்பதும், அவர் யார் என்பதும் தாணுமாலையனுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை. முகமே சொல்லிவிடும்.

கடை, அருமைநாயகம் அண்ணாச்சியின் மிளகாய் மண்டிக்கும் ஒரு கயிற்றுக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. வத்தல் மூட்டை இறங்குகிற நாளில் தெருவே தும்மும். தும்மிக்கொண்டே படியேறுகிறவனைத் தாணுமாலையன் பார்க்கிற பார்வை, மூக்கையே ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத இவன் லேப்டாப்பை எந்த லட்சணத்தில் வைத்திருப்பான் என்று கேட்கும். வந்தவன் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி கைக்குட்டையைத் தேடுவான்.

அவருடைய அப்பா சுசீந்திரம் பக்கத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை எடை போட வந்தவர். மகன் பிறந்ததும் படித்ததும் திருவனந்தபுரத்தில், மலையாளப் பள்ளிக்கூடத்தில். அங்கே அவனைத் தாணுமாலையன் என்று கூப்பிட்டது வாத்தியார் மட்டும்தான். மற்றவர்களுக்கு அவன் பாண்டி. தமிழனைக் குறிக்க இந்த ஊரில் அப்படி ஒரு சொல் உண்டு. சொல்கிறவன் சிரித்துக்கொண்டே சொல்வான், கேட்கிறவனும் சிரித்தாக வேண்டும். தாணுமாலையன் சிரிக்கவில்லை. இளப்பமாகப் பார்க்கிறவனைத் திருப்பி அதைவிட இளப்பமாகப் பார்த்தால் அவன் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான் என்பதைப் பையன் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். நல்ல ஆயுதம்தான். சண்டை முடிந்த பிறகும் அதைக் கீழே வைக்க அவனுக்குத் தோன்றவில்லை, அதுதான் கோளாறு.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். ஒருநாள் வாத்தியார் முக்கி முனகியும் பாடாத ரேடியோவை இவர் பாட வைத்தார். வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டல் இன்றுவரை அவர் காதில் ஓயவில்லை. பிறகு டிவி, பிறகு கம்ப்யூட்டர், பிறகு லேப்டாப் என்று சாமான்கள் மாறிக்கொண்டே வந்தன. எல்லாவற்றிலும் அவருக்குக் கை ஓடியது, அதை யாரும் மறுக்க முடியாது. சாலைக் கடைத்தெருவில் பாதிக் கடைகளின் பில் போடும் கம்ப்யூட்டர்கள் அவர் தயவில்தான் ஓடுகின்றன. திட்டு வாங்கிக்கொண்டாலும் அவரிடமே வருகிறார்கள், வேறு வழியில்லை.

பழைய யூஎஸ்பி இருந்த காலத்தை அவர் மிகவும் ரசித்தார். அந்தத் தட்டைத் தலை ஒரு பக்கமாகத்தான் நுழையும். செருகிப் பார்ப்பார்கள், ஏறாது. திருப்பிச் செருகுவார்கள், அப்போதும் ஏறாது, ஏனென்றால் முதலில் செருகினதுதான் சரி, கொஞ்சம் கோணலாய்ப் போயிருந்தது. தாணுமாலையன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உதவ மாட்டார். கடைசியில் வாங்கி ஒரே தட்டில் செருகிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார், அவர்களுடைய மடத்தனம் ஒட்டிக்கொண்டுவிட்டதைப் போல.

அப்புறம் டைப்-சி வந்தது. ஓரங்கள் உருண்ட சின்னத் தலை. ஓட்டைக்குள் நடுவில் ஒரு சிறு நாக்கு, நாக்கின் மேலே ஒரு வரிசை பின்கள், கீழேயும் அதேபோல ஒரு வரிசை. மேல் கீழ் என்ற பேச்சே கிடையாது, எப்படிச் செருகினாலும் ஏறும். எவனோ ஒரு புத்திசாலி, ஊர் உலகத்து முட்டாள்களை எண்ணி இரக்கப்பட்டுச் செய்த சாதனம் என்று தாணுமாலையன் முதலில் நினைத்தார். இனிமேல் இதற்குமா என்னிடம் வருவார்கள் என்று கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டார்.

வந்தார்கள். முன்னைவிட அதிகமாக வந்தார்கள். எல்லா ஓட்டையும் ஒரே வடிவமாகிவிட்டதால், எல்லா ஓட்டையும் எல்லா வேலையும் செய்யும் என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மஹேஷ் என்று ஒரு ஆடிட்டர், பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கித் தன் லேப்டாப்பின் டைப்-சி ஓட்டையில் செருகிவிட்டு, படம் வரவில்லை, மானிட்டர் போச்சு என்று காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த லேப்டாப்பின் ஓட்டைக்குப் படம் அனுப்பும் சக்தியே கிடையாது. சார்ஜ் ஏறும், பென் டிரைவ் படிக்கும், அவ்வளவுதான். லேப்டாப் விளம்பரத்திலேயே எழுதியிருக்கும், படித்திருந்தால். ஊருக்கெல்லாம் வரிக் கணக்கைத் துருவிப் பார்க்கிற மனுஷனுக்குத் தன் லேப்டாப்பின் ஓரத்தில் என்ன குறி போட்டிருக்கிறது என்று பார்க்க நேரமில்லை. தாணுமாலையன் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். ஆடிட்டர் காரில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அருமைநாயகம் அண்ணாச்சியும் தப்பவில்லை. போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் போன் இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று புலம்பினார். கழுத்தில் மாட்டுகிற காற்றாடி வாங்கினபோது இலவசமாகக் கிடைத்த கேபிள் அது. உள்ளே கரண்டுக்கு மட்டும் கம்பி, தகவல் போக ஒரு இழைகூட இல்லை. அதைத்தான் அண்ணாச்சி பத்திரமாகச் சாமி படத்துக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தார். சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று அவர் கேட்டதற்கு, மாடு என்று நினைத்து நீங்கள் ஓட்டிவந்தது ஆடு அண்ணாச்சி என்றார் தாணுமாலையன்.

அவருடைய வைத்தியம் சுருக்கமானது. கேபிளை மாற்றிப் பார், ஓட்டையை மாற்றிப் பார், டார்ச் அடித்து உள்ளே பார், பல்குச்சியால் அழுக்கை எடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. பாதி வியாதி கேபிளில், கால்வாசி அழுக்கில், மிச்சம் ஆளிடம் என்பார். அதனால் ஆளிடம் அவர் எதையும் கேட்பதில்லை. வந்தவன் வாயைத் திறந்தால் உள்ளங்கையை நீட்டி நிறுத்திவிடுவார். வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன். டீயைக் கொட்டிவிட்டு ஒன்றும் கொட்டவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களையும், கீழே போட்டுவிட்டுப் பூனை தள்ளிவிட்டது என்கிறவர்களையும் அவர் நிறையப் பார்த்திருந்தார். கேட்டால்தானே பொய் சொல்வார்கள், கேட்காமலே இருந்தால் பொழுது மிச்சம். இந்த முறை பெரும்பாலும் அவருக்குப் பலித்தது. பலிக்காதபோது தப்பு வாடிக்கையாளருடையதாக இருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை, நவராத்திரி முடிந்ததும், அவருடைய இளக்காரத்துக்குப் பெருவிருந்து கிடைக்கும். இந்த ஊரில் புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் அடுக்கிப் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது. முன்பு புத்தகமும் தராசும் இருந்த இடத்தில் இப்போது லேப்டாப்பும் இருக்கிறது. கோயில் சந்தனத்தை வாழையிலைத் துண்டிலிருந்து எடுத்து, ஈரம் சொட்டச் சொட்ட, எல்லாவற்றுக்கும் அப்புவார்கள். அது வழிந்து ஓட்டைக்குள் போய், பூஜை முடிவதற்குள் காய்ந்து கட்டியாகிவிடும். தாணுமாலையன் இதற்குச் சந்தன சீசன் என்று பெயர் வைத்திருந்தார். மஞ்சள் கட்டியைப் பல்குச்சியில் எடுத்து வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே நீட்டி, பொட்டு வைக்க மூடி இவ்வளவு அகலம் கிடக்கே, ஓட்டைக்குள்ள கொண்டு வைக்கணும்னு நேர்ச்சையா என்று கேட்பார். பக்தியுள்ளவர்கள் கூனிக் குறுகி நிற்பார்கள். சாமிக்குப் பயந்தவர்கள் கூட அவரைப் பார்த்துப் பயந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்தவர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

வீடு கிள்ளிப்பாலத்தில். பூஜை அவர் கையால்தான் நடக்க வேண்டும். மனைவி செண்பகவல்லி விளக்கை ஏற்றலாம், சுண்டல் செய்யலாம், சந்தனத்தைத் தொடக்கூடாது, அவளுக்கு அளவு தெரியாது. மீட்டர், பற்றவைக்கும் கோல், திருப்புளிகள், செண்பகவல்லியின் தமிழ்ப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். இடம் போதவில்லை. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது அம்மாவுக்கு விட்டுவிட்டுப் போன லேப்டாப்பைப் புத்தகங்களுக்கு நடுவில் செங்குத்தாகச் செருகி நிறுத்தினார். சார்ஜ் ஓட்டை இருந்த ஓரம் மேலே பார்த்தது. அந்த ஓரத்தில் மோதிர விரலால் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். ஊரார் வைக்கிற சந்தனம் ஓட்டைக்குள் இறங்கும், தாணுமாலையன் வைக்கிற சந்தனம் வைத்த இடத்தில் நிற்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சந்தனத்துக்கு ஆள் தெரியவில்லை. நாக்கின் ஒரு பக்கமாக வழிந்து இறங்கி, அந்த வரிசைப் பின்களை மூடி, அங்கேயே காய்ந்தது. மறுபக்கம் சுத்தமாகத்தான் இருந்தது.

எப்படிச் செருகினாலும் ஏறும் என்பது இரண்டு வரிசையும் நன்றாக இருக்கிறவரைதான். லேப்டாப்பும் சார்ஜரும் முதலில் ஒரு பின் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நீ யார், எவ்வளவு கரண்டு வேண்டும் என்று அந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் கரண்டு பாயும். கேபிளின் தலையில் அந்தப் பேச்சுக்கான பின் ஒரு பக்கம்தான் உண்டு. ஒருவிதமாகச் செருகினால் அது நாக்கின் மேல் வரிசையைத் தொடும், திருப்பிச் செருகினால் கீழ் வரிசையைத் தொடும். சந்தனம் பூசின வரிசையில் போய்த் தொட்டால் பேச்சு நடக்காது, கரண்டும் வராது. தாணுமாலையனுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

செண்பகவல்லிக்குப் பாடம் தெரியாது, கண் தெரியும். திருநெல்வேலியில் தமிழ் பி.ஏ. முடித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் மட்டும் படித்து, வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட வாசிக்கத் தெரியாமல் வளர்வதைப் பார்த்து, சாயங்காலம் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் கற்றுக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று மகள் சொன்னதும், கணவரிடம் கேட்காமல் விண்ணப்பித்தாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். படித்து முடித்ததிலிருந்து அவளை அவள் பெயர் சொல்லி ஒரு வேலைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டும். ராத்திரியும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தாணுமாலையன் கேள்விப்பட்டு, ஆனா ஆவன்னாவுக்கு இன்டர்வியூவா, ஜட்ஜ் உத்தியோகமாக்கும் என்று சிரித்தார்.

விஜயதசமிக்குப் பிறகு லேப்டாப் சில நேரம் சார்ஜ் ஏறுகிறது, சில நேரம் ஏறவில்லை என்பதை அவள் கவனித்தாள். பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் செருகிப் பார்த்தாள். ஒரு பக்கம் செருகினால் எப்போதும் ஏறுகிறது, மறுபக்கம் செருகினால் ஒருபோதும் ஏறவில்லை என்று பிடித்துவிட்டாள். மறக்காமல் இருக்க, தன் நெற்றிக்கு வாங்கின ஒட்டுப் பொட்டு ஒன்றை எடுத்துக் கேபிள் தலையின் மேல்பக்கம் ஒட்டினாள். அன்றைக்குச் சோறு போடும்போது கணவரிடம் சொன்னாள்.

"இஞ்சேருங்க, அந்தச் சார்ஜர் ஒரு பக்கமாத்தான் ஏறுது. திருப்பிச் சொருகினா ஏற மாட்டேங்கு."

தாணுமாலையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எழுந்து போய்க் கேபிளைப் பார்த்தார். பொட்டைப் பார்த்ததும் அவர் மேலுதடு கோணியது.

"ஏட்டி, அது டைப்-சி. அதுக்கு மேலும் கிடையாது கீழும் கிடையாது. எப்படிச் சொருகினாலும் ஏறும். அதுக்காகத்தான் அவன் அதை உண்டாக்கியிருக்கான், கேட்டியா?"

"உண்டாக்கினவன் என்னமும் சொல்லட்டும். நான் பாத்ததச் சொல்லுதேன்."

அவர் உள்ளங்கையை நீட்டினார். பிறகு நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். டார்ச் அடித்து ஒருமுறை உள்ளே பார்த்திருந்தால் அரை நிமிஷம். வேறு எந்த வீட்டு லேப்டாப்பாக இருந்தாலும் பார்த்திருப்பார். அவருடைய வீட்டில் அவர் பூசின சந்தனத்தை அவரே சந்தேகப்படுவதா? மறுநாள் கடையில் அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி அதைக் கயிற்றுக் கடையில் சொன்னார். மத்தியானத்துக்குள் தாணு வீட்டில் சார்ஜருக்கும் பொட்டு வைத்திருக்கிறார்களாம் என்று தெரு முழுக்கச் சிரிப்பு. செண்பகவல்லி மல்லி வாங்க வந்தபோது, மண்டியில் ஒருவன் சார்ஜருக்கு வளைகாப்பு எப்போ அக்கா என்று கேட்டான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மல்லியை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் பொட்டும் ஒட்டவில்லை, கணவரிடம் அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. செருகிவிட்டு, திரையில் சார்ஜ் ஏறுகிற குறி வந்ததா என்று பார்த்துக்கொள்வாள். அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டாள்.

நேர்காணல் அன்று காலையிலும் அப்படித்தான் செருகி, குறியைப் பார்த்துவிட்டு, குளிக்கப் போனாள். லேப்டாப் பழையது, கரண்டு இல்லாமல் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தாணுமாலையனுக்குப் போனில் சார்ஜ் குறைவாக இருப்பது கண்ணில் பட்டது. வீட்டில் எத்தனையோ சார்ஜர் உண்டு. கைக்கு எட்டினது இதுதான். கேபிளைப் பிடுங்கிப் போனில் செருகிக்கொண்டு இட்லி சாப்பிட்டார். கிளம்பும்போது போனை எடுத்துக்கொண்டு, கேபிளைத் திரும்பவும் லேப்டாப்பில் செருகினார். எப்படியாவது செருகினால் போதும் அல்லவா, அப்படியே செருகினார். திரையைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

நேர்காணல் நடத்தியவள் பெயர் ஜானவி. சின்ன வயசுதான், மரியாதையாகப் பேசினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையை எதிரில் வைத்துப் பாடம் நடத்திக் காட்டுங்கள் என்றதும், ஷார்ஜாவிலிருந்து ஒரு குட்டிப் பெண் திரையில் வந்து உட்கார்ந்தாள். செண்பகவல்லி உனக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று கேட்டு, அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே முறுக்கு என்று சொல்ல, சரி, முறுக்கை எழுதிப் பார்ப்போமா என்று ஆரம்பித்தாள். அந்த இடத்தில் திரை இருண்டது.

அவளுக்கு உடனே புரிந்தது. கேபிளைப் பிடுங்கித் திருப்பிச் செருகினாள். சுத்தமாக வற்றிப்போன லேப்டாப் நிதானமாக உயிர் பிடித்து எழுவதற்குள் அந்தப் பக்கம் கூட்டத்தை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். போனில் ஜானவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஜானவி நயமாகவே பேசினாள், ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது. மூன்று மணிக்கு வேறொருவர் வரவில்லை, அந்த நேரத்தைத் தருகிறேன். இந்தத் தடவையும் அறுந்துபோனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது அம்மா, பாதி வகுப்பில் காணாமல் போகிற ஆசிரியரை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது.

செண்பகவல்லி போனை வைத்தாள். கேபிள் எப்படித் திரும்பியது என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இட்லித் தட்டு பக்கத்திலேயே கிடந்தது. ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நேரமில்லை. மூன்று மணிக்குள் ஓட்டையைச் சரிசெய்ய வேண்டும். கணவரைக் கூப்பிட்டால் அவர் முதலில் உள்ளங்கையை நீட்டுவார். அவள் லேப்டாப்பையும் கேபிளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தாள்.

கிள்ளிப்பாலத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குச் சாலைக் கடைத்தெரு வழியாகப் போனால் ஆரியசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றிக்கொண்டும் போகலாம். அவள் சுற்றவில்லை. தாணுமாலையன் ஒரு பிரிண்டருக்குள் தலையைக் கொடுத்திருந்தபோது, கடை வாசலைக் கடந்து, கயிற்றுக் கடையையும் மண்டியையும் கடந்து, நேரே போனாள். பையின் வாயிலிருந்து லேப்டாப்பின் மூலை வெளியே தெரிந்தது. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பின்னாலேயே வந்த ஒரு சுமைதூக்கி, அவள் ஷிபு கடையில் ஏறியதையும் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. தாணுமாலையன் கடைப்படியில் நின்று, ஒன் வீட்டுக்காரி லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு ஷிபு கடைக்குப் போயிருக்காளாமே, என்னடே விஷயம் என்று கேட்டார்.

ஷிபு என்றால் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போன் உறை விற்கிறவன், போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவன். வீடியோ பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டவன். தாணுமாலையன் அவனைப் பற்றிப் பேச நேர்ந்தால் பெயரைச் சொல்வதில்லை, கண்ணாடி ஒட்டுகிறவன் என்பார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஷிபுவுக்கு வேலை அவ்வளவாகத் தெரியாது, இரண்டு மூன்று போர்டுகளைக் கருக்கியிருக்கிறான். ஆனால் வாய் ஓயாமல் பேசுவான், வருகிறவர்களையும் பேச விடுவான். பேச்சுக்காகவே அவன் கடையில் கூட்டம் நிற்கும். குரங்கு கையில் பூமாலை என்று சொல்லிக்கொண்டே தாணுமாலையன் பிரிண்டரை அப்படியே திறந்து போட்டுவிட்டுக் கிளம்பினார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வேகமாக நடக்காத மாதிரி வேகமாக நடந்தார்.

ஷிபுவின் கடையில் செண்பகவல்லி ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. ஷிபு பல்குச்சியால் ஓட்டைக்குள் மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். மேஜையில் விரித்த வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் நிறத்தில் பொடி உதிர்ந்து கிடந்தது. தாணுமாலையனுக்கு வாசலிலேயே மணம் தெரிந்துவிட்டது. என்ன பாக்கே நீ, உனக்கு என்ன தெரியும் என்று கேட்க வந்தவர், கேட்கவில்லை.

ஷிபு நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம். ஆரியசாலைத் தாணு அண்ணன் தன் கடைக்கு வந்திருக்கிறார். குத்திக்காட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை, அதற்குள்ள சாமர்த்தியமும் இல்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் பேசுகிற மாதிரி, மலையாளம் கலந்த தன் தமிழில் பேசினான்.

"அண்ணா, வா வா. கண்டோ, சந்தனமாக்கும். ஒரு சைடு மட்டும். சேச்சி வந்ததும் சொல்லியாச்சு, ஒரு பக்கம் சொருகினா கேறும், மறுபக்கம் கேறாது, பூஜைக்குப் பின்னேதான் இப்படின்னு. அப்புறம் எனக்கு எந்து பணி? பாதி வேல சேச்சி தீர்த்துக் கொண்டுவந்தல்லே." பல்குச்சியைக் காகிதத்தில் தட்டினான். "அண்ணன்கிட்ட சேச்சி இதெல்லாம் சொல்லலியா?"

கடையில் கண்ணாடி ஒட்டக் காத்திருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாணுமாலையன் வாயைத் திறந்தார். சொன்னாள் என்றாவது சொல்ல வேண்டும், சொல்லவில்லை என்றாவது சொல்ல வேண்டும். இரண்டில் எது வாயில் வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

"இல்லப்பா," என்றாள் செண்பகவல்லி. "இவுககிட்ட நான் சொல்லல."

அவள் அதைச் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. கோபம் இருக்கிறதா என்று அவர் அவள் முகத்தில் தேடினார், இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லலாம், வீட்டில் போய்ச் சண்டை போடலாம், ரெண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இது அது இல்லை. இந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, நாலு பேர் முன்னால் பாவம், போகட்டும் என்று விட்டுவிடுகிற குரல். எத்தனையோ பேரை அவர் அந்தக் குரலில் வழியனுப்பி வைத்திருக்கிறார். அது வந்து விழுகிற இடத்தில் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தாணுமாலையன் கண்ணைத் தாழ்த்தினார்.

ஷிபு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, கேபிளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செருகிக் காட்டினான். இரண்டு பக்கமும் குறி வந்தது. செண்பகவல்லி அவனிடமிருந்து கேபிளை வாங்கித் தானும் ஒருமுறை இரண்டு விதமாகச் செருகிப் பார்த்துக்கொண்டாள். அவன் கடையிலேயே கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டு, மணி பார்த்து எழுந்தாள். பையைத் தூக்க அவர் கை நீட்டினார். அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள். சாலை வழியாக இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். ஆரியசாலை வந்ததும் அவர் கடையில் ஏறினார், அவள் நிற்காமல் போனாள். பிரிண்டர் திறந்தபடி கிடந்தது. அண்ணாச்சி மண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் சமையலறையில் இருந்தாள். மூன்று மணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அவர் வாய் வரை வந்தது. ஆனால் கேட்டுப் பழக்கமில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. வழக்கம்போலச் சோறு போட்டாள், ரசம் வேண்டுமா என்று கேட்டாள், மழை வரும்போல இருக்கிறது என்றாள். மறுநாளும் அப்படித்தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அருமைநாயகம் அண்ணாச்சி கையில் ஒரு லட்டுடன் கடைப்படி ஏறினார். கிழக்கேகோட்டைப் பக்கம் போயிருந்தாராம். ஷிபு கடையில் எல்லாருக்கும் லட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தானாம். செண்பகவல்லி காலையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை முதல் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"நல்ல சேதிடே," என்றார் அண்ணாச்சி. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ."

தாணுமாலையன் ஒரு லேப்டாப்பின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணாச்சி," என்றார்.